வெள்ளையாக விட்ட இடம்

என் வாழ்நாளில் அச்சில் வந்தது ஒரே ஒரு கட்டுரை. அதுவும் இங்கிலீஷில், கடல் தாண்டி நடக்கும் ஓவிய சிகிச்சைப் பத்திரிகை ஒன்றில். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. இப்போது யாராவது ஞாபகப்படுத்தினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எரிச்சல் எதிராளி மேல் இல்லை, என் மேல்தான் என்பது தெரிந்தும் எதிராளியிடமே காட்டுகிறேன். அதனால் ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சித்தூருக்கு வெளியே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், பெண்கள் டி.பி. வார்டில் நான் டிராயிங் டீச்சராக இருந்தேன். ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு வேலை இருக்கும் என்று எனக்கே அதற்குமுன் தெரியாது. டிராயிங் ஹையர் கிரேடு பாஸ் செய்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காமல், வீட்டில் உட்கார்ந்து சபைக்காரர்களுக்கு வேத வசன அட்டை எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னை அங்கிருந்த வெள்ளைக்கார நர்ஸ் அம்மா கூட்டிக்கொண்டு போனார். மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கிற பெண்களுக்கு மனசு போக ஏதாவது ஒரு வழி வேண்டும் என்பது அவர் எண்ணம். வராந்தாக் கோடியில் ஓர் அறை, நாலு பெஞ்சு, போஸ்டர் கலர் புட்டிகள், சார்ட் பேப்பர். அவ்வளவுதான் ஏற்பாடு. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் தன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். அறையும் நானும் மிஞ்சினோம்.

அந்த அறைக்கு வந்தவர்களில் நாகலாபுரத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வார்டில் எல்லாரையும் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம், அவளும் எங்களுக்கு நாகலாபுரம்தான். விவசாயக் குடும்பம், தமிழ் பேசுகிறவர்கள். அவளுக்கும் எனக்கும் முப்பதை ஒட்டிய ஒரே வயது. ஆனாலும் நான் அவளை நீ என்றேன், அவள் என்னை நீங்க என்றாள். அது அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே வித்தியாசமாகப் படவில்லை. கேஸ் ஷீட்டில், ஒரு பெண் குழந்தை, நாத்தனார் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. தொற்றும் என்பதால் சின்னக் குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். புருஷன் மட்டும் மாதம் ஒருமுறை வந்து வேப்பமரத்தடியில் நின்று பேசிவிட்டுப் போவான்.

பேனாவே பிடித்தறியாதவள், பிரஷைப் பிடித்ததும் விடவில்லை. வாரம் ஒரு படம் போட்டாள். எப்போதும் ஒரே படம்தான். தன் வீட்டுப் புழக்கடை. கிணறு, மாட்டுக்கொட்டாய், வைக்கோல்போர், முருங்கை மரம், நாலைந்து கோழி. எல்லாவற்றையும் தாளின் இடது பக்கத்தில் நெருக்கியடித்துப் போட்டுவிட்டு, வலது பக்கத்தில் கொஞ்சம் இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவாள்.

"தாள வீணாக்காதம்மா, அங்கயும் எதனா போடு" என்று நான் கடிந்துகொள்வேன்.

"இருக்கட்டும் டீச்சரம்மா" என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள். நானும் அதற்கு மேல் கேட்கமாட்டேன். எனக்கு வேறு பத்துப் பெண்கள் இருந்தார்கள், கலர் புட்டியை யார் யாரிடமிருந்து பிடுங்கினார்கள் என்ற பஞ்சாயத்துக்கே நேரம் சரியாக இருக்கும்.

அவள் வந்து ஐந்து மாதம் ஆனபோது எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை, அதாவது அறுவடை விழா, வந்தது. ஆராதனை முடிந்ததும் தேவாலய வளாகத்தில் ஏலம் நடக்கும். பூசணிக்காய், சேவல், வீட்டில் சுட்ட கேக், தலையணை உறை என்று ஜனங்கள் கொண்டுவந்து படைத்ததை ஜனங்களே ஏலத்தில் எடுப்பார்கள். வருஷா வருஷம் எங்கள் அறைப் படங்களும் ஏலத்துக்குப் போகும். ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் வீட்டில் வசனம் இல்லாத படம் சுவரேறாது. வெறும் கிணற்றையும் கோழியையும் யார் எடுத்துப்போய் மாட்டுவார்கள்? அதனால் ஏலத்துக்கு முந்தின வாரம் முழுக்க ஒவ்வொரு படத்திலும் இடம் பார்த்து ஒரு வசனம் எழுதுவேன். மரக்கிளைக்கு நடுவிலும் மலைக்குக் கீழேயும் எழுத்தை நெளித்து வளைத்து உட்காரவைக்க வேண்டும். அந்த வருஷம் நாகலாபுரம் போட்ட கடைசிப் படம் கையில் வந்ததும் எனக்கு அத்தனை சந்தோஷம். பாதித் தாள் வெள்ளை. அளவெடுத்து விட்டதுபோல இருந்தது. கறுப்பு மையில், நிழல் கொடுத்து, மூன்று வரியில் பைபிள் சங்கீதப் புத்தகத்து வசனம் ஒன்றை எழுதினேன். அவளிடம் கேட்கவில்லை. யாரிடமும் கேட்டதில்லை. அறையில் போட்ட படம் அறையின் படம், அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

பண்டிகை அன்று நடமாடக்கூடிய நோயாளிகளைத் தனிப் பந்தலில் உட்காரவைத்திருந்தோம். ஏலம் தொடங்குமுன் அவள் எழுந்து மேசை அருகே வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. தன் படத்தையும் அதில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த கறுப்பு எழுத்தையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "எப்டிம்மா இருக்குது?" என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டாள். வார்டில் இருமல் வந்தால் வாயைப் பொத்தச் சொல்லிக் கொடுத்திருந்தோம், இருமல் என்றே நினைத்தேன். படத்தைக் கங்காதர நெல்லூர் வாத்தியார் ஒருவர் போட்டி போட்டு எடுத்தார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை அறைக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை வலிக்குதா?"

"இல்ல டீச்சரம்மா."

"பின்ன இன்னா?"

"சும்மா குந்திக்கினு இருக்கேனே."

அடுத்த மூன்று மாதமும் அப்படியே குந்திக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் தவறாமல் வந்தாள், பிரஷைத் தொடவில்லை. இந்துப் பெண், நம் வேத வசனத்தைத் தன் படத்தில் எழுதிவிட்டது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். நம் ஆஸ்பத்திரி மருந்து ஆகும், நம் வசனம் ஆகாதா என்று உள்ளுக்குள் கறுவிக்கூடக் கறுவினேன். அந்த மூன்று மாதத்தில் அவளுக்கு எடை ஏறியது, சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது, புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போனான். போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகுதான் அறைக்கு ஆபத்து வந்தது. புதிதாகச் சூப்பிரண்டெண்டாக வந்த டாக்டரம்மா கெட்டிக்காரர், பேச்சில் வளவளப்பே கிடையாது. ஒரு நாள் வாசலில் நின்று அறையைக் கண்ணாலேயே அளந்தார்.

"எக்ஸ்ரே மெஷின் வருது. வைக்க இந்த ரூம்தான் சரி. நீங்க இங்க இன்னா பண்றீங்கன்னு கமிட்டிக்கு நான் என்னன்னு எழுதறது?"

"படம் போட்டா மனசு தெளியுதுங்க டாக்டர். கண்ணால பாக்கறேன்."

"நீங்க பாத்தா போதுமா? எங்கயாவது எழுதிப் போடுங்க. அதுல படிச்சவங்க பாத்து சரின்னு சொல்லட்டும். அப்புறம் இந்த ரூம்ல யாரும் கை வைக்க மாட்டாங்க."

வெள்ளைக்கார நர்ஸ் அம்மா கப்பல் தபாலில் அனுப்பிய ஓவிய சிகிச்சைப் பத்திரிகைகள் என் அலமாரியில் இருந்தன. அந்தப் பத்திரிகையில் கட்டுரையைச் சும்மா போட்டுவிட மாட்டார்கள். அந்தத் துறையில் பழகிய இரண்டு பேருக்கு, எழுதியது யார் என்று சொல்லாமல் அனுப்புவார்கள். அவர்கள் குடைந்து குடைந்து கேள்வி கேட்பார்கள், பதில் ஒத்துவந்தால்தான் அச்சு. எதை எழுதுவது என்று அலமாரியைக் குடைந்தபோது நாகலாபுரத்தின் படங்கள் மொத்தமாகக் கிடைத்தன. ஏலத்துக்குப் போன ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தன. பெஞ்சுகளில் வரிசையாகப் பரப்பினேன். அப்போதுதான் பார்த்தேன். முதல் படத்தில் வெள்ளை இடம் இரண்டு விரல் அகலம்தான். படத்துக்குப் படம் அது வளர்ந்துகொண்டே வந்திருந்தது. கிணறும் கொட்டாயும் இடது பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் பாதித் தாளை விட்டுக்கொடுத்திருந்தன.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடிஸ்கேலை எடுத்து ஒவ்வொரு படத்தின் வெள்ளையையும் அளந்து அட்டவணை போட்டேன். நுரையீரலை அரிக்கும் நோய் மனசையும் அரிக்கிறது, சாவு பயம் வெறுமையாக வந்து வீட்டை மூலைக்குத் தள்ளுகிறது, பயத்தைத் தாளில் இறக்கிவைத்துத்தான் இந்தப் பெண் பிழைத்தாள் என்று எழுதினேன். ஆபீஸ் டைப்பிஸ்ட் கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்துக் கொடுத்தார். ஆகாயத் தபாலில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

பதில் உறையில் இரண்டு தாள்கள் இருந்தன. கீழே பெயர் இல்லை. முதல் தாளில் புகழ்ச்சி, முக்கியமாக என் அட்டவணைக்கு. இரண்டாவது தாளை எழுதியவர் கண்டிப்பானவர். கடைசிப் படத்தின் புகைப்படம் வேண்டும் என்றார். பிறகு இரண்டு கேள்விகள். படம் போடுவது திடீரென நின்றது ஏன்? தன் படங்களைப் பற்றி நோயாளி என்ன சொன்னார்?

கங்காதர நெல்லூருக்குப் பஸ் ஏறினேன். வாத்தியார் வீட்டுக் கூடத்தில், ரேடியோவுக்கு மேலே படம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. பத்து நாளைக்கு இரவல் வேண்டும் என்றதும் வாத்தியார் சம்சாரம் முகம் சுருங்கினார். "தினம் காலைல அந்த வசனத்த பாத்துட்டுதான் அடுப்பு பத்தவைப்பேன்" என்றார். அதே மாதிரி ஒன்று எழுதித் தருகிறேன் என்று வாங்கிவந்து, எழுதியும் கொடுத்தேன். நகலில் எழுத்து இன்னும் பெரிசாக இருக்கிறதென்று அவருக்குத் திருப்தி, அசலைத் திருப்பிக் கேட்கவேயில்லை. அந்த அசலில் என் வசனத்தின் மேல் வெள்ளை போஸ்டர் கலரை மூன்று பூச்சுப் பூசி மறைத்தேன். சித்தூர் பஜார் ஸ்டுடியோவில் படமெடுத்தபோது, கறுப்பு வெள்ளையில் ஒன்றும் தெரியவில்லை. நான் நல்ல வேலைக்காரி.

கேள்விகளுக்குப் பதில் எழுத ஒரு வாரம் பிடித்தது. உண்மையை எழுதினால், சிகிச்சை அறை என்று நான் தூக்கிப் பிடிக்கும் அறையே ஒருத்தியின் கையைக் கட்டிப்போட்டது என்று ஆகும். கட்டுரை போகும், அறை போகும், அறைக்கு வரும் பெண்கள் மறுபடியும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பார்கள். இதையெல்லாம் சொல்லி என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் பெயர் அச்சில் வரவேண்டும் என்ற ஆசையைக் கணக்கில் சேர்க்கவில்லை. 'காய்ச்சல் அதிகமாகி நோயாளி பலவீனப்பட்டதால் படங்கள் நின்றன' என்று எழுதினேன். இரண்டாவது கேள்விக்கு, 'நோயாளி அதிகம் பேசும் சுபாவம் உடையவர் அல்ல' என்று எழுதினேன். ஆஸ்பத்திரி சார்பில் அந்தப் பதிலில் கையெழுத்துப் போடுமுன் டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல் எந்த மாசம்?"

மாதத்தைச் சொன்னேன். காய்ச்சல் சார்ட்டைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை வந்தது. எக்ஸ்ரே மெஷின் ஸ்டோர் ரூமுக்குப் போனது, அறை தப்பியது. சபையில் ஆயர் என் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினார். எனக்கு வந்த தனிப்பிரதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, புத்தூரில் பஸ் மாறி நாகலாபுரத்தில் இறங்கி, இரண்டு மைல் நடந்து அவள் வீட்டுக்குப் போனேன். உன் படம் சீமைப் புத்தகத்தில் வந்திருக்கிறது என்று சொன்னால் அவள் முகம் எப்படி மலரும் என்று பார்க்கும் ஆசை. அவளுக்காகப் போனேன் என்று சொல்லமாட்டேன்.

புழக்கடையில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கிணறு, கொட்டாய், முருங்கை எல்லாம் அவள் போட்ட மாதிரியே இருந்தன. கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். கடைசிப் படத்தைக் கண்டதும் அதன் வலது பக்கத்தில் விரலை வைத்து மெதுவாகத் தடவினாள்.

"எழுத்த அழிச்சிட்டீங்களா டீச்சரம்மா?"

"அழிச்சிட்டேன். நீ வுட்ட மாதிரியே ஆக்கிட்டேன். அன்னிக்கி எங்க வசனத்த எழுதினது உனக்குக் கோவமா?"

"சாமி எழுத்துமேல இன்னாத்துக்குக் கோவம்? எடம் பூட்ச்சேன்னுதான்."

"எந்த எடம்?"

அவள் என்னை, இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தாள்.

"எம் பொண்ண போடறதுக்கு வுட்ட எடம். நான் ஆசுபத்திரிக்கு வர சொல்ல அவ தத்தித் தத்தி நடந்துக்கினு இருந்தா. அப்பால எம்மாம் ஒசரம் ஆனா, தலமுடி எம்மாம் வளந்துது, நான் எங்க கண்டேன்? கண்ணால பாத்துட்டுப் போடலாம்னு எடம் வுட்டு வெச்சேன். மாசத்துக்கு மாசம் வளருவா இல்ல? அதுக்கேத்தாப்ல எடத்தயும் பெர்சா வுட்டுக்கினே வந்தேன். நீங்க அத்தனியும் எழுதிட்டீங்க. இனிமே அவளுக்கு எடமில்லன்னு மனசுல ஒண்ணு பட்ச்சி. அபசகுனமா பூட்ச்சி. அதான் கைய மடக்கிக்கினேன்."

என் அட்டவணை அவள் மடியில் திறந்து கிடந்தது. குழந்தை வளர்ந்த கணக்கைத்தான் நான் அங்குலம் அங்குலமாக அளந்து, அதற்குச் சாவு பயம் என்று பெயர் வைத்திருந்தேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

கொட்டாய்ப் பக்கமிருந்து ஒரு சிறு பெண் வந்து எட்டிப் பார்த்தாள். தாய்க்காரி கூப்பிட்டாள், பெண் வரவில்லை. உள்ளேயிருந்த நாத்தனாரை "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவிட்டாள். நான் ஏதோ பரிகாரம் செய்கிறவள்போல, "இப்பதான் கண்ணெதிர்ல இருக்காளே, தாளும் கலரும் அனுப்பறேன், போடேன்" என்றேன்.

"இவ வளந்துட்டவ டீச்சரம்மா. நான் எடம் வுட்டது, நான் ஆசுபத்திரில கெடந்தப்ப இங்க வளந்தாளே, அந்தச் சின்னவளுக்கு. அவள நான் பாக்கவே இல்லியே, எப்டிப் போடறது?" என்றாள். பிறகு எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பத்திரிகைக்கு உண்மையை எழுதிவிட வேண்டும் என்றுதான் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். எழுதவும் செய்தேன், எத்தனையோ தடவை. ஒவ்வொரு தடவையும் கிழித்தேன். அறையில் புதிதாக வந்தவள் ஒருத்தி முதல் படத்தைப் போட்டுவிட்டுச் சிரிப்பாள், இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றும். அப்படியே வருஷங்கள் ஓடின. மருந்து சுலபமாகி, மாதக்கணக்கில் படுக்கவைக்கும் வழக்கமே போய், வார்டை மூடினார்கள். அறையும் போனது. காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று ஆன பிறகும் நான் எழுதவில்லை. அப்போதுதான் எனக்கு என்னைத் தெரிந்தது.

எண்பதுகளில் ஒரு நாள் திருப்பதியிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். மனநல வார்டு ஒன்றில் நோயாளிகளைப் படம் போடவைத்து ஆராய்ச்சி செய்கிறாளாம். தெலுங்கும் தமிழும் கலந்து படபடவென்று பேசினாள். பையிலிருந்து என் கட்டுரையின் நகலை எடுத்தாள், பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு.

"உங்க டேபிள்தான் மேடம் எனக்கு ஆதாரம். நானும் ஸ்கேல் வெச்சி வெள்ளை இடத்த அளக்கறேன். ஜாஸ்தி ஆனா கேஸ் ஷீட்ல எழுதிடுவேன், டாக்டர் மாத்திரைய கூட்டிடுவார்" என்றாள்.

"எத்தனை பேருக்குக் கூட்டினாங்க?" என்று கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். போதும் என்று அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வசனம், பூச்சு, இல்லாத காய்ச்சல், வளர்ந்த குழந்தை.

அவள் நம்பவில்லை. "பேப்பர்ல அப்படி இல்லியே மேடம். ரெண்டு பேர் பரிசீலனை பண்ணிதானே போட்டிருக்காங்க?"

"ஒருத்தர் சரியாத்தான் கேட்டார். நான்தான் பொய் எழுதினேன்."

அவள் நகலை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நீங்க அந்த அம்மாவையே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மேடம்?"

"கேட்டிருக்கலாம்" என்றேன். "எட்டு மாசம் என் பக்கத்து பெஞ்சுலதான் இருந்தா."